‘எல்லாரும் எடுத்துடறாங்களே டாக்டர், நானும் எடுத்துடட்டுமா?’

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் ஊர் பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். வயது 26. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். மகளுக்கு ஒன்றேகால் வயது. பிரசவம் முடிந்த கையோடு, உடனே அடுத்த கர்ப்பம் தரிக்காமல் இருக்க ஆஸ்பத்திரியிலேயே கர்ப்பப்பைக்குள் காப்பர்-டி போட்டுவிட்டார்கள். கையெழுத்து வாங்கினார்கள். ஆனால் வலியில் அவர்கள் சொன்னது எதுவும் மனசில் ஏறவில்லை. குழந்தைக்குப் பத்து மாதம் ஆனபோதுதான் எனக்கு மறுபடி மாதவிலக்கு வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஏழெட்டு நாள் அதிகமாகப் போகிறது. இடுப்பு வலியும் இருக்கிறது. கம்பெனியில் அடிக்கடி எழுந்து போக முடியாது. எங்கள் ஊர் நர்சம்மா “பழகிடும், எடுக்காதே” என்கிறார். மாமியார் “அதை எடுத்துப் போடு, கர்ப்பப்பை கெட்டுப் போகும், அடுத்து ஒரு பையன் வேணும்” என்கிறார். என் நாத்தனார் ஆறே மாதத்தில் எடுத்துவிட்டாள். எடுத்த மூன்றாம் மாதமே கர்ப்பம். வீட்டுக்காரர் “உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டார். எனக்கு அடுத்த குழந்தைக்கு இன்னும் இரண்டு வருடமாவது இடைவெளி வேண்டும். கம்பெனியில் என்னோடு இருக்கிறவர்களில் போட்ட பாதிப்பேர் எடுத்துவிட்டார்கள். ஏன் எல்லாரும் எடுத்துவிடுகிறார்கள்? நானும் எடுத்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். எடுக்கலாம். எந்த மாதத்திலும் எடுக்கலாம், காரணம் சொல்லியும் எடுக்கலாம், சொல்லாமலும் எடுக்கலாம். கணவர் கையெழுத்தோ மாமியார் சம்மதமோ தேவையில்லை. போட்டு இத்தனை வருடம் ஆகியிருக்க வேண்டும் என்ற விதியும் கிடையாது. இந்த உரிமை உங்களுக்கு உண்டு என்று தெரிந்துகொண்டு மீதியைப் படியுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்ததில் எனக்குத் தோன்றியது வேறு. நீங்கள் காப்பர்-டி வேண்டாம் என்று எழுதவில்லை. இந்த உதிரப்போக்கு வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். இடைவெளி இன்னும் வேண்டும் என்றும் தெளிவாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் முதலில் உதிரப்போக்கைப் பார்ப்போம். எடுப்பதா வேண்டாமா என்பது அதற்கு அப்புறம்.

காப்பர்-டி போட்ட பெண்களுக்கு முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை மாதவிலக்கு கொஞ்சம் கூடுதலாகப் போகும், நாட்கள் நீளும், வலி இருக்கும். இது பலருக்கும் வருவது. பெரும்பாலானவர்களுக்கு அதற்குப் பிறகு படிப்படியாகக் குறையும். உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரசவத்தோடு போட்டார்கள். தாய்ப்பால் கொடுத்த பத்து மாதமும் உங்களுக்கு மாதவிலக்கே இல்லை. கருவி உள்ளே இருப்பதே தெரியாமல் அந்தக் காலம் போய்விட்டது. நீங்கள் ‘போட்டு ஒன்றேகால் வருடம் ஆகியும் சரியாகவில்லையே’ என்று நினைக்கிறீர்கள். ஆனால் காப்பர்-டியோடு உங்களுக்கு வந்த மாதவிலக்கு ஐந்தோ ஆறோதான். மற்றவர்கள் போட்ட புதிதில் படும் சிரமத்தை நீங்கள் இப்போது படுகிறீர்கள். பிரசவத்தோடு போட்டுக்கொண்ட பெண்களில் பலர் சரியாக இந்தக் கட்டத்தில்தான் வந்து “எடுத்துடுங்க” என்பார்கள். இது இப்படித்தான் வரும் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களில் பலர் பயந்திருக்க மாட்டார்கள்.

அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். “பழகிடும்” என்பது வைத்தியம் ஆகாது. இதைக் குறைக்க மருந்து இருக்கிறது. மாதவிலக்கு நாட்களில் மட்டும் சாப்பிடும் மெஃபனாமிக் ஆசிட் போன்ற மாத்திரை வலியையும் குறைக்கும், போக்கையும் ஓரளவு குறைக்கும். போக்கு மிக அதிகமாக இருந்தால் டிரானெக்ஸாமிக் ஆசிட் சில நாட்களுக்குத் தருவோம். மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம். வயிற்றுப்புண், ஆஸ்துமா, காலில் ரத்தம் உறைந்த தொந்தரவு இருப்பவர்களுக்கு இவை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்து ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தமிழ்நாட்டில் உங்கள் வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது இருக்கிறது. ஏற்கனவே குறைவாக இருக்கும் ரத்தத்தில் மாதம் எட்டு நாள் போனால் படி ஏறும்போது மூச்சு வாங்கும், ஷிப்ட் முடிவதற்குள் தலை சுற்றும். பெண்கள் அதையும் காப்பர்-டி தலையில் போட்டுவிடுகிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சாப்பிட்டதும் டீ குடிக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ரத்தசோகை கடுமையாக இருந்து, மருந்துக்கும் போக்கு அடங்கவில்லை என்றால், எடுக்கச் சொல்லும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கூடவே காப்பர்-டி இருக்கும் இடத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிரசவம் ஆனவுடன் போட்டவர்களுக்கு, நூற்றில் சுமார் பத்துப் பேருக்கு அது தானாக வெளியே வந்துவிடுகிறது. சில பேருக்கு முழுதாக வராமல் பாதி இறங்கி நிற்கும். அப்படி இறங்கி நின்றாலும் வலியும் உதிரப்போக்கும் வரும், கர்ப்பத்தையும் சரியாகத் தடுக்காது. பிரசவத்தில் போட்டவர்கள் ஆறாவது வாரம் வந்து காட்ட வேண்டும் என்பது விதி. நீங்கள் போனதாக எழுதவில்லை. கைக்குழந்தையோடு யார் போகிறார்கள்? இப்போதாவது காட்டுங்கள். காப்பர்-டியின் நுனியில் தொங்கும் நூல் உள்ளே தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். பிரசவத்தில், அதுவும் ஆபரேஷன் பிரசவத்தில், போட்டவர்களுக்கு நூல் மேலே சுருண்டு இருப்பது சகஜம். ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்.

இடுப்பு வலியைப் பற்றி ஒன்று கேட்கிறேன். வலி அந்த நாட்களில் மட்டும் வருகிறதா, மாதம் முழுக்க இருக்கிறதா? அந்த நாட்களில் மட்டும் என்றால் காப்பர்-டியாக இருக்கலாம். மாதம் முழுக்க என்றால் எனக்கு வேறு சந்தேகம். எட்டு மணி நேரம் தையல் மெஷின் முன்னால் குனிந்து உட்காரும் பெண்களுக்கு இடுப்பு வலிக்கத்தான் செய்யும். இன்னொன்று, பாத்ரூம் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது. நம் பக்கத்து வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திர நாட்களில் இது நேராக சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். அதற்கும் இடுப்பு, அடிவயிறு இரண்டும் வலிக்கும். “காப்பர்-டி சூடு பண்ணுது” என்று வந்து, சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று தெரிந்து, மருந்தில் சரியாகிப் போனவர்கள் நிறைய. உடம்பு சூட்டுக்கும் காப்பர்-டிக்கும் சம்பந்தமே இல்லை.

இதையெல்லாம் ஒரு வாரம் பத்து நாளில் வசதிப்படி பார்க்கலாம். ஆனால் இவை வந்தால் காத்திருக்கவே கூடாது: ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைந்து, அது தொடர்வது, காய்ச்சலோடு அடிவயிற்று வலி, நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், உடலுறவின்போது குத்துவது போன்ற வலி, நாள் தள்ளிப்போவது. கடைசியாகச் சொன்னது முக்கியம். காப்பர்-டி இருக்கும்போது கர்ப்பம் தரிப்பது மிக அரிது. தரித்துவிட்டால் அது கருக்குழாயில் தங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால் அன்றைக்கே பார்க்க வேண்டும்.

சரி, இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். ஏன் எல்லாரும் எடுத்துவிடுகிறார்கள்?

உண்மையில் எல்லாரும் எடுப்பதில்லை. வைத்துக்கொண்டு நன்றாக இருப்பவர்கள் கம்பெனி பஸ்ஸில் அதைப் பற்றிப் பேசுவதில்லை. தொந்தரவு பட்டவர்கள்தான் பேசுகிறார்கள். ஆனாலும் நிறையப் பேர் எடுக்கிறார்கள் என்பது நிஜம். பெண்களுக்கு விவரம் போதவில்லை, வதந்தியை நம்புகிறார்கள் என்று எங்கள் துறையில் பலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. என்னிடம் வரும் பெண்கள் உடம்பில் பட்டதைத்தான் சொல்கிறார்கள். உதிரப்போக்கு, வலி என்ற இரண்டும்தான் முதல் காரணம். உலகம் முழுக்க அப்படித்தான்.

அந்த உதிரப்போக்கு எந்த வீட்டில், எந்த வேலையில் நடக்கிறது என்பதும் சேர்ந்துதான் ஒரு பெண் முடிவெடுக்கிறாள். ஆஸ்பத்திரிக் கணக்கில் மூன்று நாள் கூடுதல் என்பது சின்ன விஷயம். சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டு எழுந்து போக வேண்டிய பெண்ணுக்கு அது சின்ன விஷயமில்லை. குடியாத்தத்தில் வீட்டிலேயே பீடி சுற்றும் பெண் ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி போச்சு. வீட்டுக்குத் தூரம் என்று தள்ளி உட்காரும் வீடுகளில் மூன்று நாள் எட்டு நாளானால் சமையல் யார், சாமி விளக்கு யார் என்று பேச்சு வரும். வைகாசி பிறந்து கங்கையம்மன் சிரசு திருவிழா வரும் நேரத்தில் எடுத்துவிடச் சொல்லி வருபவர்கள் உண்டு. ரமலான் நெருங்கும்போது இஸ்லாமியப் பெண்களும் நோன்பு விட்டுப்போகிறதே, தொழுகை விட்டுப்போகிறதே என்ற கவலையோடு வருவார்கள். இந்தக் காரணங்களைப் பெண்கள் முதலில் சொல்வதில்லை. வலி என்று சொல்லி உட்கார்ந்து, எழுந்து போகும்போதுதான் சொல்வார்கள். கேட்கிற பொறுமை எங்களுக்கு இருந்தால் காதில் விழும். இதில் எதையும் மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை. அவள் வாழ்கிற வாழ்க்கை அது.

அதைவிட ஆழமான காரணம் ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. “வலியில் அவர்கள் சொன்னது எதுவும் மனசில் ஏறவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். பிரசவ வலியில் கத்திக்கொண்டிருக்கும் பெண்ணிடம் வாங்கும் கையெழுத்தை என்னால் சம்மதம் என்று ஏற்க முடியாது. ஐந்தாம் மாதம் ஆறாம் மாதம் செக்கப்புக்கு வரும்போது, உட்கார வைத்து, கருவியைக் கையில் கொடுத்துக் காட்டி, இது செய்யும் இது செய்யாது, முதல் மாதங்களில் இப்படி இருக்கும், வேண்டாம் என்றால் எடுத்துத் தருவோம் என்று சொல்லிக் கேட்க வேண்டும். தானே தேர்ந்தெடுத்த பெண் கொஞ்சம் வலி வந்தாலும் ‘சொன்னார்களே’ என்று பொறுப்பாள். தெரியாமல் போடப்பட்டது என்று நினைக்கும் பெண்ணுக்கு ஒரு சொட்டுக் கூடுதலாகப் போனாலும் அது துரோகமாகத்தான் தெரியும். எத்தனை பேருக்குப் போட்டோம் என்று எண்ணுகிற அக்கறையோடு, அவர்கள் ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று நம் ஊரில் கேட்பதில்லை. இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 2007 முதல் 2011 வரை 9,000க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. எல்லாக் கருத்தடை முறைகளையும் விளக்கிச் சொல்லி, எது வேண்டுமோ அதை இலவசமாகக் கொடுத்தார்கள். காப்பர்-டி, கைத்தோலுக்கு அடியில் வைக்கும் இம்ப்ளான்ட் போன்ற நீண்டகால முறைகளைத் தேர்ந்தெடுத்தவர்களில் நூற்றுக்கு 86 பேர் ஒரு வருடம் கழித்தும் தொடர்ந்தார்கள். மாத்திரை, ஊசி போன்றவற்றில் 55 பேர்தான் தொடர்ந்தார்கள். அந்த ஊர் வேறு, நம் ஊர் வேறு. ஆனாலும் அதே கருவியை அத்தனை பேர் வைத்துக்கொள்ள முடிந்தது என்றால், பெண்கள் எடுத்துவிடுவதற்குக் கருவியை மட்டும் குறை சொல்ல முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

உங்கள் மாமியாரின் பயத்துக்கும் ஒரு வேர் உண்டு. 1965-இல் அரசாங்கம் ‘லூப்’ என்ற பிளாஸ்டிக் வளையத்தை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. இலக்கு வைத்து வேகவேகமாகப் போட்டார்கள். உதிரப்போக்கு வந்தபோது பார்க்க ஆளில்லை. பெண்கள் பயந்து எடுத்தார்கள், கதைகள் பரவின, திட்டமே படுத்துவிட்டது. நம் ஆயாக்கள் காலத்துக் கதை அது. மகளுக்குச் சொல்லி, மகள் மருமகளுக்குச் சொல்லி இன்றும் ஓடுகிறது. நெஞ்சுக்கு ஏறிவிடும், துருப்பிடிக்கும், புற்றுநோய் வரும் என்பதெல்லாம் அதன் மிச்சம். காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறாது. அதற்கு வழியே கிடையாது. போடும்போது கர்ப்பப்பைச் சுவரில் துளை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கு நேரலாம். துருப்பிடிக்காது, புற்றுநோய் வராது. இதில் ஹார்மோன் இல்லாததால் உடம்பு எடை போடாது, தாய்ப்பால் குறையாது.

கர்ப்பப்பை கெட்டுப் போகுமா? அதற்குப் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. உங்கள் நாத்தனார் எடுத்த மூன்றாம் மாதமே கர்ப்பமானாள். காப்பர்-டி விந்தணுவைச் செயலிழக்க வைக்கிறது, அவ்வளவுதான். எடுத்த அந்த மாதமே பழையபடி கரு தங்கலாம். மாமியாரிடம் சண்டை போடாமல் இதைச் சொல்லுங்கள். அடுத்து பையனா பெண்ணா என்பது ஆணின் விந்தணுவால் முடிவாவது. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே குறைந்தது 24 மாதம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நீங்கள் கேட்கும் இடைவெளி நியாயமானது.

மருந்து சாப்பிட்டுப் பார்த்தும் எடுத்துவிடுவது என்று முடிவானால், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ எடுத்துக்கொள்ளலாம். நூல் தெரிந்தால் ஓரிரு நிமிட வேலை. “இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்” என்று திருப்பி அனுப்பினால், மெடிக்கல் ஆபீசரைப் பார்த்து “எனக்கு வேண்டாம், எடுத்துக் கொடுங்கள்” என்று சொல்லுங்கள். அங்கேயும் முடியவில்லை என்றால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். யாரோ எடுத்துவிடுகிறார்கள் என்று படிக்காத ஆளிடம் மட்டும் போகாதீர்கள். ஆஸ்பத்திரியில் மறுத்ததால் அப்படிப் போய், நூல் அறுந்து என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் நாத்தனாருக்கு நடந்தது உங்களுக்கு நடக்காமல் இருக்க, எடுக்கும் நாளுக்கு முன்னாலேயே அடுத்த முறையை முடிவு செய்துவிட வேண்டும். விந்தணு உடம்புக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். எனவே எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஆணுறை போட்டுக்கொள்ள வேண்டும். பெண்கள் இதைத் தெரிந்துகொள்வதே இல்லை.

மாற்று என்று பார்த்தால், அரசு மருத்துவமனையில் ‘அந்தரா’ ஊசி இலவசம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஆனால் அதில் மாதவிலக்கு தாறுமாறாக வரலாம், வராமலே போகலாம். நிறுத்தியபின் கரு தங்க ஏழு முதல் பத்து மாதம் வரை ஆகலாம். இரண்டு வருடம் தள்ளிப் போட நினைக்கும் உங்களுக்கு அது பெரிய குறை இல்லை. ‘சாயா’ மாத்திரையில் ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. கிழமை மறக்காதவர்களுக்கு நல்லது. இதில் மாதவிலக்கு சில சமயம் தள்ளிப் போகும், போக்கு அதிகமாகாது. உங்கள் தொந்தரவுக்கு உண்மையில் பொருத்தமானது கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் கருவி. அது போக்கையே நன்றாகக் குறைக்கும். ஆனால் தனியாரில் பல ஆயிரம் ரூபாய் ஆகும். கையில் வைக்கும் இம்ப்ளான்ட் மூன்று வருடம் தாங்கும். அரசுத் திட்டத்தில் சில மாவட்டங்களில் தொடங்கியிருக்கிறார்கள், உங்கள் நர்சம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அதிலும் ஒழுங்கில்லாத உதிரப்போக்குதான் பெண்கள் எடுத்துவிட முதல் காரணம் என்பதைத் தெரிந்தே போங்கள்.

உங்கள் நர்சம்மாவைக் கோபிக்காதீர்கள். எடுத்தவர்கள் உடனே கர்ப்பமாகி, ரத்தமே இல்லாமல் இரண்டாவது பிரசவத்துக்கு வந்து நிற்பதைப் பார்த்தவர் அவர். அந்தப் பயத்தில்தான் “எடுக்காதே” என்கிறார். “எடுக்கச் சொல்லவில்லை அக்கா, முதலில் ரத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கச் சொல்லுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள், கூட்டிக்கொண்டே போவார். டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துப் போங்கள். போட்டது பத்து வருடக் கருவியா ஐந்து வருடக் கருவியா என்று அதில் இருக்கும்.

அப்புறம் உங்கள் வீட்டுக்காரர். “உன் இஷ்டம்” என்பது நல்ல வார்த்தைதான், ஆனால் அதோடு அவர் வேலை முடிந்துவிடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் அன்று குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஒரு வார ஆணுறை அவர் பொறுப்பு. வேறு எந்த முறையும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதைத் தொடர வேண்டியவரும் அவர்தான். முடிந்தால் மருத்துவரைப் பார்க்கும்போது கூடவே உட்காரச் சொல்லுங்கள். உங்களுக்கு எத்தனை நாள் போகிறது, எவ்வளவு போகிறது என்பதை அவரும் காதால் கேட்கட்டும்.

அடுத்த மூன்று மாதவிலக்குக்கு மருந்தோடு பாருங்கள், நாட்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள். குறைந்தால் வைத்துக்கொள்ளுங்கள். குறையவில்லை என்றாலும், நடுவிலேயே போதும் என்று தோன்றினாலும், எடுத்துவிடுங்கள்.